நிழல் நகராத இடம்

சானடோரியம்,
ஏப்ரல் 6, 1937

கர்த்தருக்குள் அன்பான வெர்ஜி அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீயும் என் மகள் நெட்டியும் சுகமாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையோடு இதை எழுதுகிறேன். பஸ்ஸில் இருமல் வந்தபோதெல்லாம் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டேன். இருந்தாலும் பக்கத்தில் இருந்தவர் எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டார். இங்கே அந்தத் தொல்லை இல்லை. எல்லாரும் காசநோய்க்காரர்கள், இருமுகிறவர்கள்தான், யாரும் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நாளெல்லாம் படுத்தே கிடக்க வேண்டும். பச்சை முட்டையைப் பாலில் அடித்துத் தருகிறார்கள், மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குகிறேன். மழையில்லாத நாளில் கட்டிலோடு உருட்டிக்கொண்டுபோய்ப் புல்வெளியில் மரத்தடியில் விடுகிறார்கள். நுரையீரலுக்குக் காற்று வேண்டுமாம், வெயில் ஆகாதாம்.

எனக்குக் கிடைத்தது ஒரு பெரிய ஸ்வீட்கம் மரம். சின்ன வயதில் ஓடைக்கரையில் பட்டையைக் கீறிப் பிசின் எடுத்து மெல்லுவோமே, அதே ஜாதிதான். நம் பக்கத்தில் அது காட்டு மரம். இங்கே அழகுக்கும் நிழலுக்கும் என்று நட்டு, அடிக்கிளைகளைக் கழித்து, நெட்டையாக வளர்த்திருக்கிறார்கள். அந்த இடத்தில் இருந்த ஹேடிக்ஸ் அம்மாள் குணமாகிப் போன வாரம்தான் வீட்டுக்குப் போனாளாம். பக்கத்து ஓக் மரத்தடியில் அல்சேடா டேட் என்று ஒருத்தி. பஞ்சாலையில் வேலை பார்த்தவள், ஐம்பது வயதிருக்கும். உறவு என்று ஒருவரும் கிடையாது. வாய் மட்டும் ஒரு ஊருக்குப் போதும்.

நெட்டியை நகம் கடிக்க விடாதே. உன் கடிதத்தின் அடியில் இரண்டு வரி அவளையும் எழுதச் சொல். அது போதும் எனக்கு.

உன் தங்கை,
லியோட்டா

*

ஹார்ப்பர் க்ரீக்,
ஏப்ரல் 24

என் லியோட்டாவுக்கு,

உன் கடிதம் கையில் கிடைத்தபோதுதான் மூச்சு வந்தது. கர்த்தர் கிருபையால் நாங்கள் நலம். முட்டைக்கு முகம் சுளிக்காதே. பிறந்ததிலிருந்தே நீ எதைத்தான் முகம் சுளிக்காமல் தின்றாய்?

நெட்டி முதல் இரண்டு நாள் உன் தலையணையைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். மூன்றாம் நாள் பசி வந்து எழுந்துவிட்டாள். பிரசங்கி உன் பேரைச் சொல்லி ஜெபித்தார். கூட்டம் முடிந்ததும் ஒவ்வொருத்தியாக வந்து துக்கம் கேட்பதுபோல் என் கையைப் பிடித்தாள். “அவ ஒண்ணும் சாகல, படுத்திருக்கா” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சோளம் ஊன்றும்போது மழையில் நனைந்துவிட்டேன். கொஞ்சம் சளி, வேறொன்றுமில்லை. நல்ல நிழல் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்.

உன் அக்கா,
வெர்ஜி

அம்மா, பூனை குட்டி போட்டது. தினமும் உன்னை நினைக்கிறேன். சீக்கிரம் வா. நெட்டி.

*

சானடோரியம்,
மே 15

அன்பான அக்காவுக்கு,

இங்கே நான் சுகம், அங்கும் அப்படியே என்று நம்புகிறேன். சும்மா சொல்லும் சுகம் இல்லை இது. காய்ச்சல் இறங்கிவிட்டது. கன்னம் வைத்திருக்கிறது. டாக்டரே தராசை ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

அல்சேடா ஒரு கதை சொன்னாள். கேட்டால் சிரிப்பாய்.

“ஏண்டி லியோட்டா, உன் கட்டிலை யாராச்சும் நகர்த்திப் பாத்திருக்கியா?” என்றாள்.

“இல்லையே, ஏன்?”

“எங்களையெல்லாம் நிழலு போற பக்கம் நாள்பூரா தள்ளிக்கிட்டே திரியுறான் வேலைக்கார கிளீட்டஸு. உன்னுது மட்டும் காலைல வெச்ச எடத்துலயே சாயங்காலம் வரைக்கும் கெடக்கு. சூரியன் எங்க போனாலும் சரி, உன் மேல நிழலு நிழலாவே இருக்கு.”

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான்.

“அந்த மரத்தடியில படுத்தவங்க யாரும் இங்க செத்ததில்ல. வீட்டுல ஒரு ஆளு போயிரும். ஹேடிக்ஸ் அம்மா பாட்டுப் பாடிக்கிட்டே போனா. போய்ப் பாத்தா, புருஷனப் பொதச்ச மண்ணு இன்னும் காயல. காளமாடு மாதிரி இருந்த மனுஷன். அதுக்கு முன்னாடி ஒரு வாத்தியாரு. அவருக்கு அவரு அம்மா.”

“மரம் என்ன பண்டமாத்துக் கடையா?” என்று கேட்டேன். கட்டில் குலுங்கச் சிரித்தோம். நர்ஸ் பெர்னிஸ் வந்து அதட்டினாள். டாக்டரிடமும் சொன்னேன். “ஒரே வீட்டில் இருக்கிறவர்களுக்குத் தொற்றுகிற நோயம்மா இது, மரம் என்ன செய்யும்?” என்றார். அது நியாயம்தானே?

ஆனால் ஒன்று. காற்றடித்து மற்ற மரங்கள் எல்லாம் இரைகிறபோதும் என் தலைக்கு மேலே ஓர் இலை அசைவதில்லை. விரித்துப் பிடித்த கைகள் மாதிரி அப்படியே நிற்கின்றன.

நெட்டிக்கு முத்தம்.

உன் லியோட்டா

*

ஹார்ப்பர் க்ரீக்,
ஜூன் 11

அன்புத் தங்கைக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. களை பிடுங்கும் காலம். நாங்கள் நலம். நீ சதை போட்டதைப் படித்துவிட்டுக் கடிதத்தை ஏப்ரன் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதே. நோய் அதிகமான யாராவது வந்து கேட்டாலும் கொடுக்காதே. இளகின மனசுக்காரி நீ, அதனால்தான் சொல்கிறேன்.

அல்சேடாவின் கதைக்கு நானும் சிரித்தேன். சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன், வீட்டில் ஒரு ஆள் என்றாளே, அது யார் என்று சொன்னாளா? மூத்தவர்களா, சின்னவர்களா? ஏதாவது கணக்கு உண்டா? மறக்காமல் கேட்டு எழுது.

உன் அக்கா,
வெர்ஜி

அம்மா, ஒரு குட்டிக்கு உன் பேர் வைத்தேன். நெட்டி.

*

சானடோரியம்,
ஜூன் 20

அன்பான அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். என் பேர் வைத்த பூனை சோம்பேறியா என்று நெட்டியிடம் கேள்.

உனக்கு எப்போதிருந்து இந்தக் கதைகளில் ஆசை? அல்சேடாவைக் கேட்டேன். “மூத்தது எளசு எல்லாம் இல்ல. யாரு ரொம்ப நெனச்சுக்கிட்டே இருக்காங்களோ அவங்க. நெனப்புங்கிறது கயிறு மாதிரி. அதைப் புடிச்சுக்கிட்டுத்தான் அது வீடு வரைக்கும் போகும்” என்றாள். சொல்லிவிட்டு, “உன்னை யாருடி அப்படி நெனைக்கப் போறா!” என்று கேலி வேறு.

இப்படியே போனால் கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருப்பேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நெட்டியிடம் சொல். ஒரு பக்கம் முழுக்க எழுதச் சொல், பூனையைப் பற்றி, பள்ளிக்கூடத்தைப் பற்றி, எதையாவது.

லியோட்டா

*

ஹார்ப்பர் க்ரீக்,
ஜூலை 16

லியோட்டாவுக்கு,

இங்கு எல்லாரும் நலம். நீ குணமாகி வருவது கேட்டு மகிழ்ச்சி. வெயில் அதிகம், கை ஓயவில்லை, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

நெட்டி விளையாடிக்கொண்டிருக்கிறாள். இப்போதெல்லாம் உன்னைக் கேட்பதில்லை. நல்லதுதான், பிள்ளைகள் அப்படித்தான் இருக்க வேண்டும். கிறிஸ்துமஸ் விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கென்று தனியாக எதுவும் எழுதி அனுப்பாதே.

மரத்தடியை விடாதே.

வெர்ஜி

*

சானடோரியம்,
ஜூலை 25

அக்காவுக்கு,

நலம் விசாரித்துத் தொடங்க மனம் வரவில்லை.

என் பிள்ளை என்னைக் கேட்பதில்லை என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? அது நல்லது என்று வேறு எழுதியிருக்கிறாய். அவள் கைப்பட ஒரு வரி இல்லை. உன் நிலத்தைக் கேட்டேனா, சொத்தைக் கேட்டேனா? பூனைக்குட்டியைப் பற்றி நாலு வார்த்தை கேட்டேன்.

உனக்குப் பிள்ளை இல்லை என்பது எனக்குத் தெரியும். அதற்காக நான் படுத்திருக்கிற நேரம் பார்த்து என் பிள்ளையை உன் பிள்ளையாக ஆக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தால், வெர்ஜி, எனக்குக் கன்னம் மட்டுமல்ல, கால் கையிலும் பலம் வந்துவிட்டது. வந்து கூட்டிக்கொண்டு போக எனக்குத் தெரியும்.

லியோட்டா

*

ஆகஸ்ட்டு 14

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். நீ சுகமா. இதைத் தபால்காரர் கோய் தாத்தா வண்டியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கோய் தாத்தா தபால்தலை தந்தார். பெரியம்மாவுக்குத் தெரியாது.

பெரியம்மா உன்னை நினைக்கக் கூடாது என்கிறாள். உன் போட்டோவை எடுத்து ஒளித்துவிட்டாள். ராத்திரி ஜெபத்தில் உன் பேரைச் சொல்லக் கூடாதாம். நான் உன்னை நினைத்து அழுதால், சர்க்கரைப் பாகு ஊற்றிய ரொட்டி தந்து, ‘ரொட்டியை நினை, ரொட்டியை மட்டும் நினை’ என்கிறாள். ‘உன் அம்மாவை நினைக்கிற வேலை என்னுது, நான் ஒருத்தி போதும்’ என்கிறாள்.

பெரியம்மா பகலிலும் படுத்துக்கொள்கிறாள். துணியில் இருமி அடுப்பில் போடுகிறாள். என்னைக் கிட்ட வர விடுவதில்லை. கோழிக்கு நான்தான் தீனி போடுகிறேன். துணி சிவப்பாக இருந்தது.

நான் உன்னை நினைக்கவில்லை என்று பொய் சொல்லியிருக்கிறேன். அது பாவமா?

நெட்டி

*

சானடோரியம்,
ஆகஸ்ட்டு 22

என் அக்காவுக்கு,

ஜூலையில் நான் எழுதியதைக் கிழித்து அடுப்பில் போடு. நீ சுகமில்லை என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதே, யாரையும் அடிக்காதே.

நெட்டியின் ஜெபத்தைக்கூட நிறுத்தினாயே. இப்படியும் ஒருத்தி இருப்பாளா?

இன்று காலை கிளீட்டஸ் என்னை மரத்தடிக்குத் தள்ள வந்தபோது, “வேணாம், தெக்குத் தாழ்வாரத்துல வெயில் விழுற கோடிக்குத் தள்ளு” என்றேன். அவன் போய் நர்ஸ் பெர்னிஸைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

“பைத்தியமா உனக்கு? கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் போகப் போறவ. வெயில்ல கெடந்தா மறுபடி ரத்தம் கக்குவ.”

“பரவால்ல.”

“டாக்டர் என்னைக் கொன்னுருவாரு.”

“நீங்க தள்ளலேன்னா நானே எறங்கி நடப்பேன்.”

இறங்கி நடந்தேன். புல்லில் அந்த மரம் உதிர்த்த போன வருஷத்துக் காய்கள், முள் உருண்டைகள், கிடந்து காலைக் குத்தின. பாதி வழியில் விழுந்தேன். பிறகு அவர்களே தூக்கிக்கொண்டுபோய்க் கோடியில் போட்டார்கள்.

சாயங்காலம் ஒன்று நடந்தது. சூரியன் அந்த மரத்துக்கு முன்னால், எங்கள் பக்கத்து வானத்தில் இருந்தான். நிழல் மரத்துக்குப் பின்னால் விழ வேண்டும். அது புல்வெளியைத் தாண்டித் தாழ்வாரப் படிவரைக்கும் வந்து கிடந்தது. அல்சேடா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “தேடுது” என்றாள். அதற்கு மேல் அவள் கேலி செய்யவில்லை.

நீ எழுந்திரு, அக்கா. என்னை நினைக்காதே. சோளத்தை நினை, கழுதையை நினை.

உன் தங்கை

*

ஹார்ப்பர் க்ரீக்,
செப்டம்பர் 18

லியோட்டாவுக்கு,

என்ன காரியம் செய்தாய்!

உன் கடிதத்தில் உள்ள தேதியன்று மத்தியானம் படுத்துக் கிடந்தவள் பசி என்று எழுந்தேன். சட்டியில் இருந்த பயறு அத்தனையும் தின்றேன். மறுநாள் இருமல் இல்லை. அடுத்த வாரம் கிணற்றில் நீர் இறைத்தேன். டவுன் டாக்டர் மார்பில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, ஒன்றுமில்லை, வெறும் சளியாக இருந்திருக்கும் என்கிறார்.

நீ தாய். நான் தனி ஆள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அந்த மரத்தடிக்குத் திரும்பிப் போ. நான் பெரியவள் சொல்கிறேன், கேள். போய்விட்டேன் என்று நீ எழுதும்வரை எனக்குச் சோறு இறங்காது.

வெர்ஜி

*

சானடோரியம்,
அக்டோபர் 10

அன்பான அக்காவுக்கு,

இங்கே நான் மிகவும் சுகம். நீயும் நெட்டியும் அவ்வாறே என்று நம்புகிறேன்.

உன் பேச்சைத் தட்ட முடியுமா? திரும்பிவிட்டேன். கட்டில் பழையபடி மரத்தடியில்தான் இருக்கிறது. நன்றாகச் சாப்பிடுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் அது பேனாவின் குற்றம்.

இலை நிறம் மாறிவிட்டது. ஒரே மரத்தில் இத்தனை நிறம் நீ பார்த்திருக்க மாட்டாய். உச்சியில் கறுத்த சிவப்பு, நடுவில் ஆரஞ்சு, இடுப்புக்குக் கீழே மஞ்சள், அடியில் பிடிவாதமாகக் கொஞ்சம் பச்சை. படுத்த இடத்திலிருந்தே மரம் முழுதும் கண்ணுக்குள் நிற்கிறது. நெட்டிக்குக் காட்ட வேண்டும்.

நீ இருமுகிறாயா? உண்மையை எழுது. இல்லை என்று எழுது.

உன் லியோட்டா

*

ஹார்ப்பர் க்ரீக்,
ஜனவரி 12, 1938

கர்த்தருக்குள் அன்பான அல்சேடா அக்காவுக்கு,

உங்கள் உடம்பு தேவலையா? நானும் நெட்டியும் நலமாக இருக்கிறோம். அந்த வார்த்தையை எழுதும்போதெல்லாம் வெட்கமாக இருக்கிறது.

உங்களை அக்கா என்று கூப்பிடுவது இது மூன்றாவது கடிதம். நீங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதனால் உரிமை எடுத்துக்கொள்கிறேன். லியோட்டாவின் கடைசி நாட்களில் அவள் தலையைத் தாங்கிப் பிடித்தது நீங்கள்தான்.

நான் எப்படிச் சரியான நேரத்துக்கு வந்தேன் என்று கேட்டிருந்தீர்கள். அவளுடைய அக்டோபர் கடிதத்தை நெட்டிதான் உரக்க வாசித்தாள். வாசித்துவிட்டு, “பெரியம்மா, மரத்துக்கு அடியில படுத்தா மரம் முழுசாத் தெரியுமா?” என்று கேட்டாள். சோள ரொட்டியை அடுப்பிலேயே கருகவிட்டு பஸ் ஏறினோம்.

என்னைப் பார்த்ததும் அவள் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். “திரும்பு. அந்தப் பக்கம் திரும்பு. ஆமா, கன்னம் வெச்சிருக்கு உனக்கு.” அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் சின்ன வயதில்கூடப் பார்த்ததில்லை. சண்டை போடத்தான் வந்தேன். போட முடியவில்லை.

நெட்டி உங்களுக்கென்று கம்பளி நூலில் காலுறை பின்னி அனுப்பினாளே, வந்ததா? ஒன்று பெரியது, ஒன்று சிறியது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஜெபத்திலும் முதலில் உங்கள் பேரைத்தான் சொல்கிறாள். அம்மாவுக்குச் செய்ய விடவில்லை அல்லவா, எல்லாவற்றையும் சேர்த்து உங்களுக்குச் செய்கிறாள். நாளெல்லாம் அல்சேடா பெரியம்மா பேச்சுதான். நான் தடுப்பதில்லை. ஒரு முறை தடுத்தது போதும்.

உங்கள் தங்கை,
வெர்ஜி

*

சானடோரியம்,
பிப்ரவரி 3

செல்வி வெர்ஜி ஸ்ட்ரிங்கர் அவர்களுக்கு,

நீ நலமா, குழந்தை நலமா என்று கேட்கத்தான் கை போகிறது. நான் கேட்கவில்லை. நீயும் பதில் எழுதாதே.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஓக் மரம் பட்டுப்போயிற்று என்று வெட்டினார்கள். என் கட்டிலை ஸ்வீட்கம் மரத்தடிக்கு மாற்றினார்கள். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். லியோட்டாவிடம் சொல்லாத ஒன்று உண்டு. அவள் வருவதற்கு வெகு முன்னால் ஒரு கோடை முழுவதும் நான் அங்கே கிடந்திருக்கிறேன். அப்போது அந்த நிழல் ஊரில் உள்ள எல்லா நிழலையும் போலத்தான் நகர்ந்தது. காய்ச்சலும் இறங்கவில்லை. என்னை நினைக்க ஒரு நாய்கூட இல்லை, அது எந்த வழியாகப் போகும்? அதனால் இந்த முறையும் எனக்குப் பயம் வரவில்லை.

இப்போது மரத்தில் ஓர் இலை இல்லை. முள் உருண்டைகள் மட்டும் தொங்குகின்றன. அப்படியும் என் மேல் நிழல் விழுகிறது, ஜூன் மாதத்து நிழல்போல அடர்த்தியாக. காலையில் கிளீட்டஸ் விட்ட இடத்திலேயே சாயங்காலம் வரை இருக்கிறேன். நகரவில்லை. போன வாரம் என் காய்ச்சல் விட்டுவிட்டது. தராசு முள் மேலே போகிறது. நர்ஸ் பெர்னிஸ் கைதட்டினாள். நான் நாட்களை எண்ணிப் பார்த்தேன். காலுறை வந்தது போன வாரம்தான்.

கட்டிலை மாற்றச் சொன்னேன். “ஐயோ, நீயும் ஆரம்பிச்சுட்டியா? ஒருத்திய நம்பி விட்டது போதும்” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து கட்டிலில் வார் போட்டுக் கட்டுகிறார்கள். லியோட்டா மாதிரி இறங்கி நடக்க எனக்கு வழியில்லை. விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன், கத்திக்கொண்டும் இருக்கிறேன். அவர்கள் மாற்றுகிறவரைக்கும் குழந்தையைக் காப்பது உன் கையில்தான் இருக்கிறது.

என்னை அக்கா என்று கூப்பிடாதே. எனக்குக் கடிதம் போடாதே. குழந்தை என் பேரை ஜெபத்தில் சொல்லக் கூடாது. தடுத்தால் மட்டும் போதாது, மறைத்து வைத்துக்கொண்டு நினைப்பாள், அம்மாவை அப்படித்தான் நினைத்தாள். அவளுக்கு என்னைப் பிடிக்காமல் போக வேண்டும். அல்சேடா கிழவி பொல்லாதவள் என்று சொல். உன் அம்மாவைக் கேலி செய்தே சாகடித்தவள் என்று சொல். நீ கஷ்டப்பட்டுப் பின்னியதைப் பார்த்துவிட்டு, ‘ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசு, இதை எவ போடுவா’ என்று சிரித்து அடுப்பில் எறிந்துவிட்டாள் என்று சொல். அவள் அழட்டும். அழுதுவிட்டு என்னை வெறுக்கட்டும்.

இதை எழுதும்போது அவை என் காலில்தான் இருக்கின்றன. அதை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே.

அல்சேடா டேட்